தூளிக்கடியில் கங்கு

மாப்ளே,

வீட்டில் இன்னும் அந்த வாடை போகவில்லை. புது நைலான் துணியைப் பிரித்தவுடன் குப்பென்று வருமே, கொஞ்சம் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் மருந்துக்கடையும் கலந்த மாதிரி, அந்த வாடை. போன வாரம் என் மகள் நந்தினி கூடத்தில் உட்கார்ந்து ஒரு பார்சலைப் பிரித்தாள். உள்ளே தேங்காய் அளவுக்கு ஒரு பச்சைப் பை. அதற்குள்ளிருந்து துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது. இரண்டு முனையிலும் கயிறு, கயிற்றில் கொக்கி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது.

"என்ன கழுத இது?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"ஹேமக்குப்பா. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிட்டு அதுல படுத்துக்கிறலாம். ஆபீஸ்ல எல்லாரும் கொடைக்கானலுக்கு கேம்ப் போறோம்ல, அதுக்கு."

பெயரை என்னமும் சொல்லட்டும். அது தூளி. நீ கல்ஃபிலிருந்து கொண்டுவந்தாயே, அதே தூளி. உன்னுடையது மண் நிறம், இவளுடையது கிளிப்பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. உன் வீட்டுக் கொடியில் உன் சட்டை தொங்குவதைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. இந்த நைலான் வாடைக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. பரளச்சி ரோட்டில் நம் கரிக்கிடங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நந்தினி நேற்றிலிருந்து மலைமேல் இருக்கிறாள். அவர்கள் தங்குகிற இடத்தில் டவர் கிடையாதாம். "கீழ எறங்குனதும் நானே கூப்புடுறேன், சும்மா சும்மா அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் சும்மா சும்மா அடிக்கவில்லை, நாலைந்து தடவைதான் அடித்தேன். நேற்று அந்தக் குளிரில் அவள் எப்படிப் படுத்தாள், தூளிக்கு அடியில் எதையாவது வைத்தாளா, காலையில் கண் விழித்தாளா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தப் பயத்தை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்காத ஒரே கூட்டாளி நீ. நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

நீ கல்ஃபை விட்டு ஊர் திரும்பிய அன்றைக்கு உன் வீட்டில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீரசோழன் ஊர்க்காரர்கள் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தால் பெட்டியில் அத்தரும் கம்பளியும் இருக்கும். நீ பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் முன்னால் இந்தத் தூளியை எடுத்து உதறினாய். பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்களுக்கு நீ வண்டி ஓட்டினாய், அவர்களில் யாரோ வேண்டாமென்று விட்டுப் போனதாம். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் மச்சினன் விடுவானா? "மச்சான் இனிமே தொட்டில்லதான் தூங்குவாரு, யாராச்சும் ஆட்டி விடுங்கப்பா" என்றான். நீ அசரவில்லை. வாசலில் நின்ற இரண்டு வேம்புக்கும் நடுவே கட்டி, ஏறிப் படுத்து, மந்திரி மாதிரி எல்லாருக்கும் கையை ஆட்டினாய்.

பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சின்ன லாரியைப் போட்டோம். நான் கரி பார்க்கிறவன், நீ வண்டி ஓட்டுகிறவன். நம் பக்கத்துக் காட்டில் வேறு என்ன விளைகிறதோ இல்லையோ, சீமைக்கருவேல் விளையும். அதை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றுப் புகாமல் மூட்டத்தில் வேக வைத்தால் கரி. மூட்டத்தின் மேலே வெள்ளைப் புகை வந்தால் இன்னும் வேகவில்லை. புகை நீலமாகி, மெலிந்து, அப்புறம் ஒன்றுமே வராமல் நின்றால் வெந்துவிட்டது. என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். புகை என்றால் கோளாறு, புகை இல்லையென்றால் நல்லது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போகிற ஊரிலெல்லாம் ஓட்டல்காரர்களிடம் நாம் சொல்கிற வசனமும் அதுதானே. நான் சொன்னால் ஒரு வரி. நீ சொன்னால் கச்சேரி. ஒரு துண்டுக் கரியை எடுத்து இன்னொன்றில் தட்டுவாய், கணீரென்று கேட்கும். "சத்தத்தக் கேட்டீகளா அண்ணாச்சி? இது பரளச்சிப் பக்கத்துக் கரி. புகையவே புகையாது. வீட்டுக்குள்ள பிள்ளைய பக்கத்துல போட்டுக்கிட்டு எரிச்சாலும் கண்ணு கரிக்காது." அந்தக் கடைசி வரியை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன்.

லாரியின் முன்சீட்டில் ஒரு ஆள்தான் நீட்டிப் படுக்க முடியும். அதை எனக்கு விட்டுவிட்டு நீ தூளியைக் கட்டுவாய். சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு முனையை லாரியின் பின்கொக்கியிலும் மறுமுனையை ரோட்டோரத்துப் புளியமரத்திலும் மாட்டுவாய். ஒருநாள் எனக்கும் ஆசை வந்து ஏறிப் படுத்தேன். நேராக நீட்டிப் படுத்ததில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் இடித்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏலே, கட்டில்ல படுக்குற மாதிரி படுத்தா இப்படித்தான். குறுக்கால படு. தலை ஒரு ஓரத்துக்கு, காலு எதிர் ஓரத்துக்கு. கயித்த இம்புட்டு இழுத்துக் கட்டாத, தொங்க விடு."

குறுக்காகப் படுத்ததும் துணி பாய் மாதிரி சமமாகிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. எனக்கே ஆச்சரியம். ஆனால் கொஞ்ச நேரத்தில் முதுகுக்கு அடியில் ஐஸ் வைத்த மாதிரி குளிர ஆரம்பித்தது. அது தை மாசம், கரிசல்காட்டில் விடியும்போது பனி இறங்குகிற நேரம். மேலே இரண்டு போர்வை இருந்தது, அப்படியும் குளிர்.

"மேலருந்து வார குளிரு குளிரே இல்ல மாப்ள. கீழருந்துதான் வரும். போர்வைய நீ முதுகுக்குக் கீழ போட்டுப் படுத்தா அது நசுங்கிருது. நசுங்குன போர்வையில சூடு நிக்காது" என்றாய்.

அதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதை நினைத்து இன்றைக்கும் உன்னை மெச்சுகிறேன். உன் பழைய கைலி இரண்டைச் சேர்த்து, கோணி ஊசியால் பை மாதிரி தைத்து, உள்ளே நம் ஊர்ப் பருத்திப் பஞ்சைத் திணித்தாய். அதைப் படுக்கிற துணிக்கு மேலே போடவில்லை, அடியில் கட்டித் தொங்கவிட்டாய். உடம்புப் பாரம் படாததால் பஞ்சு நசுங்கவில்லை. அதற்கு அடிமெத்தை என்று பெயர் வைத்தாய். அதைக் கட்டிய பிறகு எந்த ஊரிலும் நீ குளிர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. படுக்கப் போகுமுன் வேர்த்த பனியனைக் கழற்றி வேறு பனியன் மாற்றுவாய். காலுக்கு உறை, தலைக்குக் குரங்குக் குல்லா. முகத்தை மட்டும் மூட மாட்டாய். "மூச்சுப் பட்டு போர்வை நனஞ்சிரும், அப்புறம் அதுவே குளிரும்" என்பாய். அத்தனை வெவரம் உனக்கு. அவ்வளவு வெவரம் இருந்தும் அன்றைக்கு நாம் இரண்டு பேருமே ஏமாந்தோம்.

கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே தூறல். மேலே போய்ச் சேர்ந்தபோது ஓட்டல் கிடங்கைப் பூட்டிவிட்டார்கள், காலையில்தான் திறப்போம் என்றார்கள். ஊருக்கு வெளியே ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் வண்டியைப் போட்டோம். அப்போதுதான் பார்த்தோம், லோடை மூடிய தார்ப்பாய்க்கு மேலே செருகி வைத்திருந்த அடிமெத்தை சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்போல. நீ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். உனக்குப் பல் தந்தியடித்தது. முன்சீட்டில் நீ படு, நான் எப்படியாவது ஒட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. உன் ஆறடி உடம்புக்கு அந்தச் சீட்டு போதாது என்றாய்.

"லோடு பூராம் கரிய வச்சுக்கிட்டு எவனாச்சும் குளிருல சாவானா?" என்று கேட்டுச் சிரித்தாய்.

யோசனை உன்னுடையது. இரும்புச் சட்டியை எடுத்து வந்தது நான். வெளியில் வைத்துக் கரியை மூட்டி, நன்றாகக் கங்கானதும் தூளிக்கு அடியில் தள்ளி வைத்தோம். அப்புறம் தூறல் நின்றிருந்தும் காற்று அடிக்கிறதென்று லாரியின் தார்ப்பாயை மேலே போர்த்தி, நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்து, ஓரத்தில் கல் வைத்தோம். ஒரு பொட்டு இடைவெளி விடவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் யோசித்திருப்பான். நெருப்பை உள்ளே வைத்து மூடுகிறோமே என்று பயந்திருப்பான். நமக்குப் பயம் வரவில்லை. அது நம் கரி, புகையாத கரி. உள்ளேயிருந்து நீ சொன்னது கேட்டது: "வெதுவெதுன்னு இருக்கு மாப்ள. சொர்க்கம்." நான் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு உன் போனில் அலாரம் இருக்கும். முதல் மணிக்கே அணைத்துவிடுவாய், எனக்கு முழிப்பே வராது. அன்றைக்கு அது அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. எனக்கு ஆத்திரம் வந்து, கண்ணாடியை இறக்கி உன்னைக் கெட்ட வார்த்தையில் வைதேன். அலாரம்தான் மறுபடி அடித்தது. குளிரில் இறங்க மனசில்லாமல் ஒரு நிமிசம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான், நீ ஒருநாளும் அதை இப்படி அடிக்க விட்டதில்லையே என்று உறைத்து இறங்கினேன்.

தார்ப்பாயைத் தூக்கினேன். முகத்தில் சூடு பட்டது. இதமான சூடு, மாப்ளே. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புகை இல்லை, நாற்றம் இல்லை, கண் எரியவில்லை. உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டியில் கங்கு சாம்பல் பூத்து அழகாக இருந்தது. உன் முகமும் அழகாகத்தான் இருந்தது. கன்னம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. நான் தோளைத் தட்டினேன். அறைந்தேன். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது, திரும்பி வரவில்லை.

உன்னைத் தூக்க முடியவில்லை. தூளி உன்னை உள்ளே வாங்கிச் சுருட்டி வைத்திருந்தது. கையைப் போட்டு இழுத்தால் துணியும் சேர்ந்து வந்தது. எனக்கே தலை கிறுகிறுத்தது. வெளியே ஓடி மூச்சு வாங்கிவிட்டு, லோடுக் கயிறு அறுக்கிற கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன். நீ சாக்கு மூட்டை மாதிரி தொப்பென்று விழுந்தாய். அக்குளில் கையைக் கொடுத்து ரோடு வரைக்கும் இழுத்தேன். உன் மூக்கருகே விரலை வைத்தேன். விரல் விறைத்துப் போயிருந்ததால் மூச்சு வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அல்லாவைக் கூப்பிட்டேனா, எங்கள் குலசாமியைக் கூப்பிட்டேனா, அதுவும் தெரியவில்லை. நீ வாந்தி எடுத்தாய். வாழ்க்கையில் ஒருத்தன் வாந்தி எடுத்ததற்கு நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

காரட் ஏற்றிக்கொண்டு வந்த வேன்காரர் ஒருவர் நம்மை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். உனக்கு முகத்தில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்த நர்ஸம்மா என் கையில் கரிக்கறையைப் பார்த்ததுமே கேட்டார்: "கரிய உள்ள வச்சு மூடிப் படுத்தீங்களா?"

"புகையே இல்லம்மா. எங்க கரி புகையாது" என்றேன். அந்த நேரத்திலும் வாய் அதைத்தான் சொன்னது.

"புகைஞ்சிருந்தா இருமி எந்திரிச்சிருப்பாரு. இதுல வாற விஷத்துக்கு வாசனையும் கிடையாது, நெறமும் கிடையாது. தூக்கத்துலயே ஆளக் கொண்டுபோயிரும்" என்றார்.

மறுநாள் உனக்குத் தலைவலி மட்டும் மிச்சம். மலை இறங்கும்போது நான் ஓட்டினேன். நீ பக்கத்தில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாய். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் என் கையைப் பிடித்தாய்.

"வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியப் புடுங்கிக் கெணத்துல போட்டுருவா. என் பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உனக்கு வண்டியை விட்டால் வேறு தொழில் தெரியாது, எனக்கு அது தெரியும். ஓட்டல்காரர்களிடம் மட்டும் அந்தக் கடைசி வரியை நாம் இரண்டு பேரும் அதன்பிறகு சொன்னதில்லை. "வெளிய வச்சு எரிங்க அண்ணாச்சி" என்று நீ சொன்னபோது அவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள்.

பயம் நம் இரண்டு பேருக்கும் பங்கு. நீ அதற்குப்பின் சுவருக்குள் படுக்கவில்லை, மொட்டை மாடியில் பாயைப் போட்டாய். மழை வந்தால் வராண்டாவில் சாரல் அடிக்க உட்கார்ந்திருந்தாய். "கல்ஃபுல இருந்து ஏசியில கெட்டுப் போய்ட்டாரு" என்று தங்கச்சி சொல்வாள், நீ சிரிப்பாய். என் பயம் வேறு மாதிரி. தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எழுந்து போய் மூக்கருகே விரலை வைப்பேன். என் வீட்டுக்காரி "பேய் புடிச்ச மனுசன்" என்று திட்டுவாள். நந்தினி பள்ளிக்கூடம் படித்தபோது ஒருநாள் முழித்துப் பார்த்து, கருப்பாக எதுவோ நிற்கிறதென்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினாள். குளியலறையில் கீசர் போட்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்வேன். கொசுவர்த்தி கொளுத்தினால் கதவைத் திறந்து வைப்பேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அப்பன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர்தான் இந்த வாரம் எனக்கு வினையாக வந்தது.

நீ இருக்கும்வரைக்கும் பரவாயில்லை. டீ குடிக்கும்போது நான் ஒரு மாதிரி பார்ப்பேன், "அதயே நெனைக்காத" என்று நீ சொல்வாய், அதோடு போகும். போன வருசம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய், எழவில்லை. நெஞ்சு என்று டாக்டர் சொன்னார். நிம்மதியாகத் தூக்கத்திலேயே போனாய் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். தங்கச்சியும் அதையே சொல்லி அழுதாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உன்னை அடக்கம் செய்து திரும்பிய அன்றைக்குத்தான் உறைத்தது, மலையில் நடந்தது இனிமேல் ஒருத்தனுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் தூக்கியதை என் ஒருத்தன் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம்தான்.

இப்போது நந்தினிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, "அப்பா, ஒரு பை கரி வேணும். கோழி சுடுறதுக்கு. எங்க அப்பா கரி மாதிரி எங்கயும் கிடைக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அதுவரைக்கும் எனக்குத் தூளி மட்டும்தான் பயம். இப்போது கரியும் சேர்ந்துகொண்டது.

"தூளியில அடியில குளிருமே, என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஸ்லீப்பிங் பேக் இருக்குப்பா. மேல ஷீட்டு கட்டி நாலு பக்கமும் இறக்கி விட்டுருவோம். ரொம்பக் குளிருனா கரி மிச்சம் இருக்கும்ல, ஒரு தட்டுல போட்டு அடியில வச்சுக்கலாம்னு ஒருத்தி சொன்னா. நம்ம கரிதான் புகையாதே."

இருபது வருசத்துக்குமேல் நான் கிடங்கில் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். என் வசனத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறாள்.

"உள்ள வைக்கக் கூடாதும்மா. அதுல விஷக்காத்து வரும். ஆளக் கொன்னுரும்" என்று சொன்னேன். சொல்லாமல் இல்லை, மாப்ளே. கெஞ்சுகிற மாதிரிகூடச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "கீசருக்கும் இதத்தான் சொன்னீங்க. கொசுவர்த்திக்கும் இதத்தான் சொன்னீங்க. நீங்க எதுக்குத்தான்பா பயப்படல?"

உன் கதையைச் சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம், வீரசோழன் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் அவளுக்கு என்னமாவது வாங்கி வருவாய். வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது. கூடவே தார்ப்பாயைத் தூக்கிய நிமிசமும் வந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். கரி கிடையாது என்று சொன்னால் மலையில் ஏதாவது கடையில் வாங்கிக்கொள்வாள். அங்கே போகிற கரியும் நல்ல கரிதான், பாதி நான் அனுப்பியது.

கிடங்குக்குப் போனேன். ஒவ்வொரு மூட்டத்திலும் ஓரத்தில் இருக்கிற கட்டை சரியாக வேகாது. வெளியே கருப்பு, உள்ளே பழுப்பு. பற்றவைத்தால் புகை என்றால் அப்படி ஒரு புகை, ஒரு கட்டை போதும், ஒரு தெருவே கண்ணைக் கசக்கும். அதையெல்லாம் நாம் பொறுக்கி மூலையில் ஒதுக்குவோம், ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் விற்றதில்லை. தப்பித் தவறி லோடில் கலந்து போனால் நீ ஆளுக்கு முன்னால் மானம் போச்சென்று குதிப்பாய். அந்த வேகாத கரியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். நல்ல கரி ஒரு துண்டுகூட விழாமல் பை நிறையப் போட்டேன். அடுப்பு மூட்டுகிறபோதே அதன் லட்சணம் தெரிந்துவிடும், எந்தக் குளிரிலும் எவளும் அதைத் தூளிக்கு அடியில் வைக்க மாட்டாள். வைத்தாலும் இருமியே எழுந்துவிடுவாள். இப்படித்தான் என் மனசு கணக்குப் போட்டது. பெற்ற மகளுக்கு, அதுவும் நாலு பேர் முன்னால் அப்பன் கரி என்று பெருமை அடிக்கப்போகிறவளுக்கு, நம் கிடங்கிலேயே மட்டமான கரியைக் கட்டிக் கொடுத்தேன். பையை வாங்கும்போது, "தேங்க்ஸ்பா" என்றாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளை மதுரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஏற்றிவிட்ட பிறகு வேறு பயம் பிடித்தது. புகைகிறதே என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு யாராவது நல்ல கரி கொண்டுவந்திருந்தால்? மரக்கட்டையை எரித்து, அந்தக் கங்கை அள்ளி வைத்தால்? புகைகிற கரியே முழுக்க எரிந்து அடங்கியபிறகு புகையாதே, அப்போது எடுத்து வைத்தால்? மூட்டம் போடுகிறவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? நேற்று முழுக்க இதுதான் ஓடியது. என் வீட்டுக்காரி சோறு போட்டாள், என்ன குழம்பு என்று தெரியாமல் சாப்பிட்டேன். உன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. அதற்கு அடிக்கலாமா என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன், அவ்வளவு புத்தி பேதலித்துப் போய்விட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, மாப்ளே. அவள்தான். பேனாவைப் போட்டுவிட்டு எடுத்தேன். இப்போதுதான் பேசி முடித்தேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதனால்தான்.

எடுத்ததும் "அப்பா" என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

"என்னா கரிப்பா குடுத்து விட்டீங்க? ஒரே புகை. கோழி பூராம் புகை நாத்தம். எல்லாருக்கும் கண்ணு எரிஞ்சு இருமல் வந்து, அந்தப் பையவே தூக்கி ஓடையில எறிஞ்சிட்டாங்க. உங்க அப்பா கரி லட்சணம் இதானான்னு கேக்குறாங்க. மானமே போச்சு. அதுல தூளிக்கடியில வேற நெருப்பா, ஆள விடுங்கன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பூராம் குளிருல நடுங்கிட்டே கெடந்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. முதுகெல்லாம் வெறச்சுப் போச்சு."

"நடுங்குனியா?" என்றேன்.

"ஆமாப்பா. பல்லு தந்தியடிச்சுருச்சு."

"நல்லா நடுங்குனியாம்மா?"

"என்னப்பா கேள்வி இது? அப்பா... அழுறீங்களா?"

அழுதேன்தான். கிடங்கில் யாரும் இல்லை, நன்றாகவே அழுதேன். பிள்ளை குளிரில் விறைத்துக் கிடந்தாள் என்று கேட்டு இப்படி ஆனந்தப்பட்ட அப்பன் இந்த ஜில்லாவில் வேறு எவனும் இருக்க மாட்டான். நம் கரியை நாலு பேர் காறித் துப்பியிருக்கிறார்கள். துப்பட்டும்.

ஆனால் ஒன்று, மாப்ளே. அடுத்த தடவை அவள் என்னிடம் கரி கேட்க மாட்டாள். வேறு கடையில் நல்ல கரியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவாள். அது புகையாது. அதற்கு எதிராக என் கையில் இருப்பது நீதான். நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவந்து கிடந்ததை நான் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். அப்புறம் வீரசோழனுக்குப் போய்த் தங்கச்சியிடமும் சொல்ல வேண்டும். அவள் சாவியைக் கிணற்றில் போட்டாலும் வண்டி ஓட்ட இனி நீ இல்லை. உன் பிள்ளை மேல் பண்ணிய சத்தியம்தான், ஆனால் அந்தப் பிள்ளையும் நாளைக்கு எங்காவது கூடாரத்தில் படுக்கப் போகிறவன்தானே. கோபப்படாதே. பட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

சாயங்காலம் அவள் பஸ் வருகிறது. மலையை நினைத்த பயம் போய், இப்போது அவள் முன்னால் வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. நடந்ததை இதுவரைக்கும் ஒரு ஆளிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன்னிடமும் இல்லை. உன் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டால் மிச்சம் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.